உண்ணிக்குக் கட்டிய பட்டு இழை

என் மகளின் இடது காதுக்குப் பின்னால் அது ஒட்டிக்கொண்டிருந்ததை முதலில் பார்த்தது நான். அதை மரு என்று சொன்னதும் நான். இந்த இரண்டையும் என் கணவர் இன்றுவரை மறக்கவில்லை. ஆனால் அந்த மருவுக்குப் பட்டு இழையால் முடிச்சுப் போட்டது யார் என்று திருப்பிக் கேட்டால் மட்டும் அவருக்கு உடனே தறியில் ஏதாவது வேலை வந்துவிடும்.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று காலை. மகளுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. விடுமுறையைத் தேவிகாபுரத்துப் பக்கம் இருக்கும் அத்தை வீட்டில், அதாவது என் கணவரின் தங்கை வீட்டில், கழித்துவிட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தாள். அங்கே ஆடு மாடு உண்டு. ஒரு வெள்ளாட்டுக் குட்டியை இவள் இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை என்று நாத்தனார் போனில் சொல்லிச் சிரித்திருந்தாள். தலை முழுக்க வைக்கோல் தூசு. எண்ணெய் தடவிச் சிக்கெடுத்து இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தபோது விரலில் ஏதோ தட்டுப்பட்டது. மிளகைவிடச் சின்னது, பழுப்பு நிறம். கிள்ளிப் பார்த்தேன், வரவில்லை. அவளுக்கு வலிக்கவும் இல்லை.

என் அப்பாவுக்குக் கழுத்தைச் சுற்றி மரு. எனக்கும் இரண்டு மூன்று உண்டு. பரம்பரைச் சொத்து இவளுக்கும் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"ஏங்க, பாப்பாவுக்கு மரு மொளச்சிருக்கு பாருங்க" என்று உள்ளே குரல் கொடுத்தேன்.

எங்கள் தெருவில் மருவுக்கு ஒரே வைத்தியம்தான். சாயம் ஏற்றாத பட்டு இழை ஒன்றை எடுத்து மருவின் அடியில் இறுக்கிக் கட்டிவிட வேண்டும். ரத்த ஓட்டம் நின்று, சுருங்கி, சில நாளில் தானாக உதிர்ந்துவிடும். பருத்தி நூல் கூடாது, தலைமுடியும் கூடாது, பட்டுதான் தோலை அறுக்காமல் பிடிக்கும் என்பார்கள். வீட்டுக்கு வீடு தறி இருக்கிற ஆரணியில் பட்டு இழைக்கா பஞ்சம்? என் கழுத்திலேயே அப்படி உதிர்ந்த மருவின் தடம் ஒன்று இருக்கிறது. அதனால் இதில் யோசிப்பதற்கு எங்களுக்கு எதுவும் இருக்கவில்லை.

என் கணவர் வீட்டிலேயே நெய்கிறவர். நாள் முழுக்க அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுகிற கை அவருடையது. அவர் போட்ட முடிச்சு புடவையில் எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியாது, அவ்வளவு சின்னதாக விழும். அந்தப் பெருமையோடு மகளை மடியில் சாய்த்து, காது மடலை மடக்கி, மருவின் கழுத்தைப் பார்த்து இழையைச் சுற்றி ஒரே இழுப்பில் இறுக்கினார். பிசிறைக் கத்தரித்துவிட்டு, "ஆச்சு. போய்ட்டு வாம்மா" என்று அவளைப் பள்ளிக்கு அனுப்பிவைத்தார்.

முடிச்சுப் போட்ட பிறகுதான் அது வளர ஆரம்பித்தது.

மறுநாள் மிளகளவு ஆனது. அதற்கு அடுத்த நாள் அதைவிடப் பெரிது. எனக்கு லேசாகச் சந்தேகம் வந்தது. என் மரு இப்படியா வீங்கியது? ஞாபகமில்லை. பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் இந்தத் தெருவில் பலருடைய மருவைப் பார்த்தவர்.

"நூலு நல்லா புடிச்சிகிச்சு. அதான் வீங்குது. இன்னும் கொஞ்சம் வீங்கி, கறுத்து, பொட்டுனு வுழுந்துடும், பாத்துகினே இரு" என்றார் அக்கா.

பார்த்துக்கொண்டே இருந்தேன். அது கறுக்கவில்லை. பழுப்பு போய்ச் சாம்பல் நிறமாக, பளபளவென்று, ஆமணக்கு விதை மாதிரி ஆகிவிட்டது. என் கணவர் தினமும் தறியிலிருந்து எழுந்துவந்து பார்த்துவிட்டு, தன் முடிச்சைப் பற்றி ஒரு வார்த்தை பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. தலை குளிப்பாட்டுவதற்காக மகளை வாசலில் வெயிலில் உட்காரவைத்துக் காது மடலை மடக்கினேன். மரு காலை ஆட்டியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். நான் கடைத்தெருவில் புடவைக் கரைக்கு டிசைன் போட்டுத் தரும் கடையில் கணினி முன்னால் உட்காருகிறவள். ஒரு மயிலின் மூக்கைக் கூடக் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. போனில் படம் எடுத்து விரலால் பெரிதாக்கினேன். கால்கள். இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் நான்கு. நடுவில் என் கணவரின் முடிச்சு, ஒரு பிசிறு இல்லாமல்.

நான் போட்ட கூச்சலில் தறிச் சத்தம் நின்றது.

நாத்தனாருக்குப் போன் போட்டுப் படத்தையும் அனுப்பினேன். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டாள். "ஐயோ அண்ணி, அது உண்ணி அண்ணி! ஆட்டுக்கு, மாட்டுக்கு எல்லாம் கெடக்கும். நாங்க புடுங்கிப் போட்டுகினேதான் இருப்போம். அதுக்குப் போயி யாராச்சும் நூலு கட்டுவாங்களா?" சிரிக்க ஆரம்பித்தவளால் நிறுத்த முடியவில்லை. எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். அவள் வீட்டு ஆட்டு உண்ணி என் பிள்ளையின் ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது, அவளுக்குச் சிரிப்பு!

அடுத்த அரைமணி நேரம் எங்கள் வாசலில் நடந்ததை நினைத்தால் இப்போதும் தலை சுற்றுகிறது. அக்கா மண்ணெண்ணெய் ஊற்றச் சொன்னார். இந்தக் காலத்தில் மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது என்று கேட்டதும், அப்படியானால் வண்டியிலிருந்து பெட்ரோல் எடு என்றார். ஊதுவத்தி கொளுத்திப் பின்னால் சுட்டால் தானே விட்டுவிடும் என்றார் தெருவில் போன ஒருவர். சுண்ணாம்பு என்று ஒரு குரல், புகையிலை என்று ஒரு குரல். குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டால் உப்பு, வேப்பெண்ணெய், விளக்கெண்ணெய் என்று வந்து குவிந்தது. யூடியூப்பில் ஒருவர் எதையும் ஊற்றாதே, சுடாதே, இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழு என்றார். அடுத்த வீடியோவில் இன்னொருவர் திருகி எடு என்றார். இரண்டு பேரும் ஒரே மாதிரி வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தார்கள். நான் யாரை நம்புவது?

இத்தனைக்கும் நடுவில் மகள் ஒருத்திதான் சந்தோஷமாக இருந்தாள்.

"அது ஆட்டுக்குட்டியோட உண்ணியாம்மா?"

"ஆமா."

"அப்ப அதுகிட்டயே திருப்பிக் குடுத்துடலாமா?"

"வாய மூடிகினு உக்காரு" என்றேன்.

கடைசியில் என் கணவர், புடவையில் நூல் பிசிறு எடுக்கிற சின்ன இடுக்கியைக் கொண்டுவந்தார். வெந்நீரில் போட்டு எடுத்தார். "முடிச்சு என்னுது, நானே எடுக்கிறேன்" என்றார். இடுக்கியை இரண்டு முறை காதருகே கொண்டுபோய் எடுத்துவிட்டார். ஆயிரக்கணக்கான இழைகளுக்கு நடுவில் தயங்காத கை. நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். தோலை ஒட்டிப் பிடித்து, நேராக, மெதுவாக இழுத்தார். தோல் கூடாரம் போல எழும்பியது. அவள் "ஆ" என்று ஒரு சத்தம் போட்டாள். அது வந்துவிட்டது.

வந்துவிட்டதுதான். ஆனால் முழுசாக வந்ததா? காதுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் புள்ளி மிச்சமிருந்தது. தலை உள்ளேயே நின்றுவிட்டது என்றார் அக்கா. இல்லை, ரத்தம் காய்ந்திருக்கிறது என்றார் கணவர். வெள்ளைத் தாளில் கிடந்து காலாட்டிக்கொண்டிருந்த உண்ணிக்குத் தலை இருக்கிறதா என்று நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். உண்ணிக்குத் தலை எந்தப் பக்கம் என்றே எங்களுக்குத் தெரியவில்லை. அதை ஒரு சின்ன மருந்துப் புட்டியில் போட்டு மூடினேன்.

சாயங்காலம் டாக்டரம்மாவிடம் போனோம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நாலைந்து கட்டில் போட்ட சின்ன ஆஸ்பத்திரி. டாக்டரம்மா காதைப் பார்த்தார், புட்டியைப் பார்த்தார். உண்ணியின் கழுத்தில் இன்னும் கிடந்த இழையையும் பார்த்தார்.

"இது இன்னாம்மா கயிறு?"

நான் கணவரைப் பார்த்தேன், அவர் சுவரைப் பார்த்தார். மகள் சொன்னாள்: "எங்க அப்பா கட்டுனாரு."

டாக்டரம்மா சிரித்துவிட்டார், அதற்கு மேல் கேட்கவில்லை. தலை உள்ளே இல்லை, அது காய்ந்த ரத்தம்தான் என்றார். மருந்து தடவினார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "பூச்சி கடிச்ச கொழந்த. இன்னும் ரெண்டு மூணு வாரத்துக்குள்ள காய்ச்சல் வந்தா வீட்ல வெச்சிகினு இருக்காதீங்க. ஒடனே தூக்கினு வந்துடுங்க" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டது. போனில் உண்ணிக் காய்ச்சல் என்று தேடினேன், தேடியிருக்கக் கூடாது. நுரையீரல், மூளை, சிறுநீரகம் என்று எழுதியிருந்தார்கள். அன்றிலிருந்து என் கை அவள் நெற்றியை விட்டு இறங்கவில்லை. ஓடிவிட்டு வந்தால் சூடாக இருப்பாள், பயப்படுவேன். குளித்துவிட்டு வந்தால் ஜில்லென்று இருப்பாள், அப்போதும் பயப்படுவேன். காதுக்குப் பின்னால் இருந்த அந்தப் புள்ளியைக் காலையும் மாலையும் படம் எடுத்து முந்தின நாள் படத்தோடு வைத்துப் பார்ப்பேன். சிவந்திருக்கிறதா, வெளிச்சம் அப்படியா? எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"தோசக்கல்ல தொட்டுப் பாக்குற மாதிரி தொட்டுகினே இருக்க. அந்தப் புள்ளைக்கு அதுவே பேஜாரா கீது" என்றார் கணவர்.

"முடிச்சுப் போட்டவரு பேசக் கூடாது" என்றேன்.

புள்ளி உதிர்ந்தது. அடியில் தோல் சுத்தமாக இருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடுத்த வாரமே காய்ச்சல் வந்தது.

பள்ளியிலிருந்து வந்தவள் பையை வாசலிலேயே போட்டுவிட்டுப் படுத்தாள். தலை வலிக்கிறது என்றாள். ஆறு வயதுக்குத் தலைவலி என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. கை வைத்தால் கொதித்தது.

இப்போது குழப்பம் வேறு மாதிரி ஆகிவிட்டது. ஏனென்றால் அந்த மழைக்காலத்தில் ஆரணி பாதிக்குக் காய்ச்சல். அவள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. பக்கத்து வீட்டு அக்காவே இருமிக்கொண்டு படுத்திருந்தார். என் கணவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

"ஊர்ல எல்லாருக்கும் வந்துகினு கீது. வைரல் காய்ச்சல். காதும் ஆறிப்போச்சு, நீயே படம் புடிச்சி வெச்சிகினு கீற. மாத்திர குடுத்து ரெண்டு நாளு பாப்போம். ஒண்ணு ஒண்ணுக்கும் ஊசி போட்டுகினு இருந்தா புள்ள இன்னாத்துக்கு ஆவும்?"

அவர் பிடிவாதக்காரர் இல்லை, பயந்தவர். பயந்தால் அவர் அடங்கிப்போவார், நான் கத்துவேன். அன்று எனக்கும் அவர் சொல்வதை நம்ப ஆசையாகத்தான் இருந்தது. போன வருஷமும் இதே மாதிரி காய்ச்சல் வந்தது, மாத்திரையில் போனது. அப்போது நான் கடைக்கு லீவு கூடப் போடவில்லை. இப்போது மட்டும் ஏன் இப்படித் துடிக்கிறேன்? மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். டாக்டரம்மாவின் அந்த வாக்கியம் இல்லையென்றால் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போயிருப்பேன்.

"ஆட்டோ கூப்பிடுங்க" என்றேன்.

டாக்டரம்மாவிடம் காதைக் காட்டினேன். போனில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "காது நல்லா இருக்கு. கவுனக் கழட்டுங்க" என்றார்.

காது வலி என்று வந்த மாதிரி நான் மறுபடி காதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். அவர் காதில் வாங்கவில்லை. அக்குள், முழங்கால் மடிப்பு, முதுகு என்று தேடிக்கொண்டே வந்தார். இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு இருந்தது. ஒற்றை விரலால் அதை விலக்கினார். அதன் அடியில் ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு விளிம்பு.

"இது எத்தன நாளா இருக்கு?"

எனக்கு அந்தப் பொருக்கு தெரியும். தினமும் குளிப்பாட்டும்போது பார்த்தேன். கயிறு உரசிப் புண்ணாகியிருக்கிறது என்று தேங்காயெண்ணெய் தடவினேன். கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டினேன். அதைத்தான் சொன்னேன்.

"வலிக்குதுன்னு சொன்னாளா? அரிக்குதுன்னு?"

"இல்லீங்க. ஒண்ணுமே சொல்லல."

"சொல்ல மாட்டாங்க. இது கயிறு உரசுன புண்ணு இல்லம்மா. பூச்சி கடிச்ச எடம். புல்லுல, பொதருல இருக்கும், கண்ணுக்கே தெரியாது. துணி இறுக்கமா இருக்குற எடமா பாத்துக் கடிக்கும். நாம உண்ணிக் காய்ச்சல்னு சொல்றது இதால வர்றதுதான்." ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு, முடிவு வருவதற்குக் காத்திருக்காமல் மருந்தை ஆரம்பித்தார். ஒரு கட்டிலைக் காட்டிப் படுக்க வைக்கச் சொன்னார்.

"அப்ப அந்தக் காதுல இருந்த உண்ணி?" என்று கேட்டேன்.

"அது சும்மா ஆட்டு உண்ணி. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

எனக்குப் புரியவில்லை. நானும் என் கணவரும் அத்தனை நாளும் காதையே காவல் காத்தோம். கடித்தது இடுப்பில். நாங்கள் நூல் கட்டி, படம் எடுத்து, புட்டியில் அடைத்து வைத்திருந்ததற்கும் இந்தக் காய்ச்சலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. உண்மையில் கடித்ததை யாரும் பார்க்கவில்லை. அது விட்டுப்போன தடத்துக்கு நான் எண்ணெய் தடவிக் கொடுத்தேன். நாத்தனாரிடம் கேட்டபோது, குட்டியோடு வரப்புப் புல்லில் படுத்து உருண்டாள் என்று அழுதுகொண்டே சொன்னாள். இந்த முறை அவளும் சிரிக்கவில்லை, எனக்கும் கோபம் வரவில்லை.

முதல் நாள் காய்ச்சல் குறையவே இல்லை. உதடு காய்ந்து, கூப்பிட்டால் கண்ணைத் திறந்து, நான் யாரென்று யோசிப்பவள் போலப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். மருந்து பிடிக்க நேரமாகும் என்றார்கள். எவ்வளவு நேரம் என்று நர்ஸைக் கேட்டேன், டாக்டரம்மாவைக் கேட்டேன், குளுக்கோஸ் புட்டி மாற்ற வந்தவரையும் கேட்டேன். எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். நான்தான் ஒவ்வொரு முறையும் வேறு வேறாகப் புரிந்துகொண்டேன். என் கணவர் தறியை அப்படியே விட்டுவிட்டு வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

ரத்த முடிவு வந்தபோது டாக்டரம்மா சொன்னது சரி என்று ஆனது. கட்டிலருகே நின்று, "நல்ல வேளை, ஜல்தியா வந்தீங்க. நெறைய பேரு வைரல்னு நெனச்சி மாத்திர குடுத்துகினே இருந்துட்டு, மூச்சு வாங்கும்போதுதான் தூக்கினு வர்றாங்க" என்றார்.

அந்தச் சம்பந்தமில்லாத உண்ணி இல்லையென்றால் நாங்களும் அப்படித்தான் வந்திருப்போம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. என் மகளின் ரத்தத்தைக் குடித்த ஒன்றைச் சபிப்பதா, கும்பிடுவதா? என் கணவரைப் பார்த்தேன். அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காலை நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்திருந்தேன். விழித்ததும் வழக்கம்போல் கை முதலில் நெற்றிக்குப் போனது. ஜில்லென்று இருந்தது. கழுத்தைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது. முதுகு முழுக்க ஈரம். மகள் அசையவில்லை.

"சிஸ்டர்! பாப்பா ஒடம்பு ஜில்லுனு ஆயிட்டுது! ஓடி வாங்க!"

டீ வாங்கப் போயிருந்த என் கணவர் வாசலிலேயே கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். நர்ஸ் வந்து அக்குளில் வெப்பமானியை வைத்தார். நாடி பார்த்தார். வெப்பமானியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"காய்ச்சல் வுட்டுடுச்சும்மா. அதான் வேர்த்திருக்கு. புள்ளைங்க ஒடம்பு சாதாரணமா இப்படித்தான் இருக்கும்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பக்கத்தில் மூச்சு வாங்க நின்றிருந்த கணவரின் நெற்றியில் கை வைத்தேன். பிறகு அவள் நெற்றியில். மறுபடி அவர் நெற்றியில். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. அவர் அசையாமல் நின்றுகொடுத்தார். எனக்கு அழுகை வந்தது. நிறுத்தவும் முடியவில்லை, நர்ஸ் இருக்கிறாரே என்று வெட்கப்படவும் தோன்றவில்லை.

சத்தத்தில் மகள் கண்ணைத் திறந்தாள். என்னை நேராகப் பார்த்தாள். இந்த முறை யோசிக்கவில்லை.

"ஏம்மா அழுவுற?"

"தெரியலடி" என்றேன்.